16-ஆல் வகுத்தால் எஞ்சின் ஓடுமா?

பெரிய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றின் வரைபடம் உங்கள் மேசையில் விரிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள ஒவ்வோர் அளவையும் 16-ஆல் வகுக்கிறீர்கள். 1,435 மில்லிமீட்டர் தண்டவாள அகலம் 90 மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது. 16 அங்குல சிலிண்டர் ஓர் அங்குலமாகிறது. சக்கரம், கொதிகலன், புகைபோக்கி, கடைசி ஆணி வரை அப்படியே செய்து முடித்து, தண்ணீர் ஊற்றி, நிலக்கரி போட்டுப் பற்றவைக்கிறீர்கள். எஞ்சின் ஓடுமா?

ஓடாது. பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும், ஆனால் நெருப்பே நிற்காது.

ஏன் என்று புரிந்துவிட்டால், வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து நிஜ நெருப்பில், நிஜ நீராவியில் ஓடும் சிறு எஞ்சினைக் கட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதி கைவேலை. இந்தக் கட்டுரையில் இரண்டையும் பார்க்கலாம். லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

இந்தக் கலை வேரூன்றி வளர்ந்த இடம் இங்கிலாந்து. 1898-ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் ‘மாடல் எஞ்சினியர்’ என்ற பத்திரிகையை அங்கே தொடங்கினார். தொழிற்சாலை வேலை முடிந்து வீடு திரும்பிய பிட்டர்களும் டர்னர்களும், இயந்திரத்தோடு தொழிலில் எந்தத் தொடர்பும் இல்லாதவர்களும், கொல்லைப்புறக் கொட்டகையில் ஒரு சிறிய லேத்தை வைத்துக்கொண்டு எஞ்சின் கட்டினார்கள். அவர்கள் வைத்த தண்டவாள அகலங்கள்தான் இன்றும் புழங்குகின்றன: இரண்டரை, மூன்றரை, ஐந்து, ஏழேகால் அங்குலம். முதல் எஞ்சினுக்கு மூன்றரை அங்குலம் வசதியானது. நிஜத்தில் 16-ல் ஒரு பங்கு. மேசையில் வைத்து வேலை செய்யலாம், ஒருவராகவே தூக்கலாம். அப்படியிருந்தும் ஆளை இழுக்கும்.

இவ்வளவு சின்ன எஞ்சின் ஆளை எப்படி இழுக்கும்? கணக்கைப் பாருங்கள். நீளத்தை 16-ஆல் வகுத்தால் பரப்பு 256-ல் ஒரு பங்காகிறது (16 × 16). கன அளவு 4,096-ல் ஒரு பங்காகிறது (16 × 16 × 16). எடை கன அளவைப் பின்தொடரும். அதனால் 40 டன் எஞ்சின் சுருங்கினால் சுமார் 10 கிலோதான். ஆனால் சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டனை நீராவி தள்ளும் விசை பரப்பைப் பொறுத்தது, அது 256-ல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. பெரிய எஞ்சினில் இருப்பதில் பாதி அழுத்தமே கொடுத்தாலும், தன் எடையோடு ஒப்பிட்டால் சிறு எஞ்சினின் சிலிண்டர் எட்டு மடங்கு வலிமையானது. எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியை இழுப்பதும் இதே கணக்கில்தான்.

அதனால் சிறு எஞ்சினுக்குச் சிலிண்டர் பலத்தில் குறையே வராது. சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை வெடுக்கென்று திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், அவ்வளவுதான். கொஞ்சம் எடை கூடுவது அதற்கு நல்லது. பால் பேரிங் போட்ட தள்ளுவண்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், சமதளத் தண்டவாளத்தில் அதை உருட்ட ஒன்றிரண்டு கிலோ இழுவிசை போதும். 15 கிலோ எஞ்சின் வழுக்காமல் அதைக் கொடுத்துவிடும்.

சுருங்கியதால் கிடைத்த லாபம் இது. நட்டம் முழுவதும் நெருப்பிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

எஞ்சினை எத்தனை பங்கு சுருக்கினாலும் நிலக்கரி அதே நிலக்கரி, தண்ணீர் அதே தண்ணீர், காற்று அதே காற்று. பெரிய எஞ்சினில் ஒரு சாண் உயரத்துக்கு எரியும் நெருப்பு, 16-ல் ஒரு பங்கில் ஒன்றரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. அவ்வளவு மெல்லிய நெருப்பு தன் சூட்டையே தக்கவைக்க முடியாமல் அணைந்துவிடும். அதனால் மாடலின் நெருப்பறையை விகிதத்துக்கு மிஞ்சி ஆழமாக வைப்பார்கள். பட்டாணிக்கும் மொச்சைக்கும் இடைப்பட்ட அளவில் உடைத்த கரியைப் போடுவார்கள். அடுத்தது குழாய்கள். நெருப்பின் சூடான புகை கொதிகலனுக்குள் பல குழாய்கள் வழியாக ஓடி முன்பக்கம் போகிறது. பெரிய எஞ்சினில் இரண்டு அங்குலக் குழாய் என்றால் மாடலில் 3 மில்லிமீட்டர். ஒரு துண்டுச் சாம்பல் போதும் அதை அடைக்க. எனவே எண்ணிக்கையைக் குறைத்து, 9 அல்லது 10 மில்லிமீட்டர் குழாயாகப் போடுவார்கள்.

தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் விஷயம்தான் இதில் ஆபத்தானது. ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால், தண்ணீர் தானாகவே மூன்று சென்டிமீட்டர்வரை ஏறி நிற்கும். விகிதப்படி மெல்லிய குழாயை வைத்தால், கொதிகலனில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கும்போது ‘நிறைய இருக்கிறது’ என்று அது பொய் சொல்லும். மூன்று அங்குலக் குறுக்களவுள்ள கொதிகலனில், நெருப்பறைக் கூரைக்கு மேல் நிற்கும் தண்ணீர் ஒரு விரற்கடைதான். அதனால் அழகு கெட்டாலும் பரவாயில்லை என்று 5, 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் குழாயைப் பொருத்துவார்கள். அந்த ஓர் இடத்தில் எஞ்சின் பொம்மை மாதிரித் தெரிந்தாலும் எனக்கு அது குறையாகத் தெரிவதில்லை. கட்டியவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

1920-களில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. அளவு குறைந்தால் உண்மையான ரயில் எஞ்சின் கொதிகலன் வேலை செய்யாது, வெளியே தண்ணீர்க் குழாய்கள் வைத்து ஸ்பிரிட் விளக்கில் சூடாக்குவதே சரி என்று ஒரு தரப்பு சொன்னது. எல்பிஎஸ்சி என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ் மறுத்தார். நிலக்கரி எரித்து, உள்ளே நெருப்பறையும் பல குழாய்களும் உள்ள அசல் அமைப்பே ஆளை இழுக்கும், அளவுகளை மட்டும் யோசித்து வைக்க வேண்டும் என்றார். இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் தன் ‘ஆயிஷா’ எஞ்சினில் அதைச் செய்தும் காட்டினார். பிறகு பல பத்தாண்டுகள், படிப்படியாகக் கட்டும் முறையை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ‘டிச்’ என்று அவர் வடிவமைத்த மூன்றரை அங்குல, நான்கு சக்கரக் குட்டி எஞ்சினைத்தான் எத்தனையோ பேர் முதல் எஞ்சினாகக் கட்டியிருக்கிறார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

கொதிகலனின் பின்பக்கம் நெருப்பறை. அதைச் சுற்றிலும் தண்ணீர். புகை குழாய்கள் வழியே முன்பக்கப் புகையறைக்கு வந்து, புகைபோக்கியால் வெளியேறுகிறது. ஒரே பெரிய குழாயைவிடப் பல சிறு குழாய்கள் வைத்தால் சூடு தண்ணீரைத் தொடும் பரப்பு பன்மடங்காகும். 1829-ல் ரெயின்ஹில் ரயில் எஞ்சின் போட்டியில் வென்ற ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’டில் 25 செப்புக் குழாய்கள் இருந்தன. அந்த யோசனையைச் சொன்னவர் ஹென்றி பூத். இன்றைய மாடல்வரை அந்த அமைப்பு மாறவில்லை.

கொதிகலனில் கிடைக்கும் நீராவி சிலிண்டருக்குப் போகிறது. அங்கே ஸ்லைடு வால்வு என்று ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் மிரள்வது இங்கேதான், ஆனால் கவிழ்த்து வைத்த கிண்ணம் ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். தட்டையான ஒரு பரப்பில் மூன்று துளைகள். ஓரத்துத் துளைகள் இரண்டும் சிலிண்டரின் இரு முனைகளுக்குப் போகின்றன. நடுத்துளை வெளியேறும் வழி. கிண்ணம் அவற்றின்மேல் முன்னும் பின்னும் நகர்கிறது. வலப்பக்கம் நகர்ந்தால் இடது துளை திறந்து, கிண்ணத்துக்கு வெளியே காத்திருக்கும் புது நீராவி அதில் பாய்கிறது. அதே நேரம் வலது துளையும் நடுத்துளையும் கிண்ணத்துக்குள் மாட்டிக்கொள்வதால், வேலை முடித்த நீராவி வெளியேறிவிடுகிறது. கிண்ணம் இடப்பக்கம் வந்தால் எல்லாம் தலைகீழ். இதை நகர்த்துவது அச்சில் மையம் விலகிப் பொருத்திய ஒரு வட்டு, அதன் பெயர் எக்சென்ட்ரிக். பிஸ்டனைவிட அது ஏறத்தாழ கால் சுற்று முந்தியே இருக்கும். பிஸ்டன் முனைக்கு வந்து சேரும்போது வால்வு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டுமல்லவா?

கிண்ணத்தின் விளிம்பைக் கொஞ்சம் நீட்டி வைத்தால், பிஸ்டன் முழுத் தூரம் போகும் முன்பே நீராவி வரவு நின்றுவிடும். உள்ளே அடைபட்டது தானே விரிந்து மிச்ச தூரமும் தள்ளும். தண்ணீரும் கரியும் மிச்சம்.

20 மில்லிமீட்டர் பிஸ்டனைக் கற்பனை செய்யுங்கள், ஒரு நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியது. மாடல் எஞ்சின்களில் வழக்கமான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 5.6 கிலோ. அந்த நாணயத்தின்மேல் 17 கிலோவுக்கு மேல் விசை விழுகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். வேலை முடித்த நீராவியைச் சும்மா வெளியே விடுவதில்லை. புகையறைக்குள் புகைபோக்கிக்கு நேர் கீழே நிற்கும் ஒரு சிறு கூம்புக்குழாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். பிளாஸ்ட் பைப் என்று இதற்குப் பெயர். அந்த வேகம் புகையறைப் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப, நெருப்பின் அடியிலிருந்து புதுக் காற்று பாய்கிறது. ஏற்றம் வந்தால் எஞ்சின் அதிக நீராவி செலவழிக்கும், அதிகமாக ஊதும், நெருப்பு அதிகமாக எரியும், மறுபடி அதிக நீராவி கிடைக்கும். சமதளம் வந்தால் எல்லாம் தானே அடங்கிவிடும். எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாமல், செலவே வரவைத் தீர்மானிக்கிறது! 1804-லேயே ரிச்சர்ட் ட்ரெவித்திக் தன் எஞ்சினில் வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டார். நம் காதில் ‘சுக் சுக்’ என்று விழுவது இந்த ஊதல்தான். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு சுக்.

கட்டும் வரிசைக்கு வருவோம். ஆசையாக இருக்கிறதென்று கொதிகலனிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் சட்டம், அதாவது எஞ்சினின் இரு பக்கமும் நிற்கும் இரும்புத் தகடுகள். சுமார் 3 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒன்றாக முடுக்கி, சேர்த்தே அறுத்து, சேர்த்தே அரம் போட்டு, சேர்த்தே துளையிடுவார்கள். அளவில் சிறு பிழை வந்தாலும் இரு பக்கமும் ஒரே பிழையாக இருக்கும், எஞ்சின் கோணாது. பளபளப்பான தகட்டை வாங்காதீர்கள். அதைக் குளிர்நிலையில் உருட்டியிருப்பார்கள், உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும், ஒரு பக்கம் வெட்டியதும் வில்லாக வளையும். கறுப்புத் தகடே நல்லது.

அப்புறம் சக்கரங்கள். வார்ப்பிரும்பில் வார்த்து வாங்கி லேத்தில் கடைய வேண்டும். ஒரே அச்சின் இரு சக்கரங்களிலும் கிராங்க் ஊசிகள், அதாவது பிஸ்டன் தள்ளும் தண்டு மாட்டும் முளைகள், ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகி இருக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் முனையில் நின்று தள்ள முடியாதபோது மறுபக்கத்துப் பிஸ்டன் நடுவில் இருந்து தள்ளும். அதனால்தான் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் கிளம்புகிறது. இங்கே புதியவர்கள் 90 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தவிப்பார்கள். 89 ஆனாலும் எஞ்சின் ஓடும். ஆனால் எல்லா அச்சிலும் அதே 89 இருக்க வேண்டும். ஓர் அச்சு 89, அடுத்தது 90 என்றால் சக்கரங்களை இணைக்கும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் சிக்கும். எல்லா அச்சுகளையும் ஒரே ஜிக்கில் (கோணம் மாறாமல் பிடித்துவைக்கும் தாங்கியில்) வைத்துப் பொருத்தினால் இந்தக் கவலையே இல்லை.

பிறகு சிலிண்டர், பிஸ்டன், வால்வு. முன்னும் பின்னும் ஓட்டும் அமைப்பு முதல் எஞ்சினில் எவ்வளவு எளிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அச்சில் அரைச் சுற்றுவரை நழுவும் எக்சென்ட்ரிக் வைத்தால், எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் எஞ்சினைக் கையால் கொஞ்சம் தள்ளினாலே வால்வு தன் நிலைக்கு வந்துவிடும். இந்தக் கட்டத்தில், கொதிகலன் இல்லாமலே, கம்ப்ரசர் காற்றில் ஓட்டிப் பார்க்கலாம். மாதக்கணக்கில் துண்டு துண்டாகக் கிடந்த இரும்பு முதன்முதலாகத் தானே சுற்றும் நேரம் அது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கொதிகலன் வேறு உலகம். இங்கே லேத் வேலை குறைவு, கொல்லன் வேலை அதிகம். செப்புத் தகட்டைச் செக்கச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மென்மையாகிவிடும். பிறகு வேண்டிய வடிவில் செய்த இரும்புக் கட்டையின்மேல் வைத்து விளிம்பைத் தட்டி மடிக்க வேண்டும். தட்டத் தட்டச் செம்பு இறுகும், மறுபடி சூடாக்க வேண்டும். பாத்திரம் செய்யும் கன்னார் கைக்கு இது பழகிய வேலை. இணைப்புகளை ஈயப்பற்றால் ஒட்டக் கூடாது. 80 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே வெப்பம் 162 டிகிரி, சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியில் உருகத் தொடங்கும். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே கதை முடிந்தது. வெள்ளி கலந்த பற்றுக்கம்பி வேண்டும். 55 சதவீதம் வெள்ளி உள்ளது 630-லிருந்து 660 டிகிரிக்குள் உருகும், செம்பு உருக 1,084 வேண்டும், நடுவில் நிறைய இடம் இருக்கிறது. பொற்கொல்லர் வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவதன் பெரிய வடிவம் இது. இணைப்பில் முடியளவு இடைவெளி விட்டு, வெங்காரம் போன்ற ஃப்ளக்ஸ் பூசி, முழுத் துண்டையும் சூடாக்கினால், உருகிய வெள்ளி அந்த இடுக்குக்குள் தானே ஓடிப்போகும். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஏற்றி ஏமாற்றிய அதே இழுப்பு இங்கே நமக்கு வேலை செய்கிறது.

செம்பு சூட்டைக் கடத்துவதில் படு வேகம். சின்ன டார்ச்சை ஒரு மூலையில் காட்டினால் சூடு முழுக்க ஓடிவிடும், பற்று உருகாது. பெரிய புரொப்பேன் பர்னரும், சுற்றிலும் ஃபயர் பிரிக் அடுக்கிய அடுப்பும் அவசியம். கம்பி வாங்கும்போது காட்மியம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள், காட்மியப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. கொதிகலனோடு சேரும் திருகு மூடிகளைப் பித்தளையில் செய்யாமல் வெண்கலத்திலோ கன்மெட்டலிலோ செய்ய வேண்டும். சூடான தண்ணீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை மெல்ல அரித்து, அதைக் கடற்பஞ்சு மாதிரி ஆக்கிவிடும்.

உருளையான பகுதி அழுத்தத்தைத் தானே தாங்கும். தட்டையான பகுதி உப்பும். மூன்று அங்குலக் கொதிகலனின் முன்தட்டில் மட்டும் கால் டன் விசை விழுகிறது. நெருப்பறையின் தட்டைச் சுவர்களை வெளிச்சுவரோடு பிணைக்க ஸ்டே என்னும் சிறு தண்டுகளை வரிசையாக வைப்பார்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் ஒவ்வொன்றும் 22 கிலோ தாங்குகிறது. இதில் ஒன்றைக்கூட விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பிறகு சோதனை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில், இது அதைப் போல ஐந்தரை மடங்கு. 162 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீர் திடீரென்று வெளியே வந்தால், அதில் சுமார் 12 சதவீதம் கணத்தில் ஆவியாகி 200 லிட்டர் இடம் கேட்கும். அதனால் நெருப்பு வைக்கும் முன், கொதிகலனை விளிம்புவரை குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி, காற்றுக்குமிழி ஒன்றும் இல்லாமல் வெளியேற்றி, கைபம்பால் ஓட்ட அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு ஏற்றுவார்கள். தண்ணீர் சுருங்காது. அதனால் எங்காவது விட்டுப்போனாலும் ஒரு சொட்டு கசியும், அழுத்தம் விழும், அவ்வளவுதான். இந்தச் சோதனையைக் காற்றால் செய்யவே கூடாது, சுருங்கிய காற்று வெடிகுண்டு மாதிரி. இங்கிலாந்துக் கழகங்களில் பயிற்சி பெற்ற சோதகர் ஒருவர் கூட நின்று பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால்தான் பொதுத் தடத்தில் ஓட்ட விடுவார்கள். இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டமும், அதைப் போலவே 25 லிட்டருக்குக் குறைவானவற்றைத் தன் வரம்பில் சேர்க்கவில்லை. நம் வீட்டுக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அதனால் அனுபவமுள்ள இன்னொருவரின் கண் முன்னால் சோதிப்பது இங்கே இன்னும் அவசியமாகிறது.

சோதனையில் தேறிய கொதிகலனில் சேஃப்டி வால்வையும் அழுத்தமானியையும் பொருத்தி, தண்ணீர் ஏற்ற இரண்டு தனித்தனி வழிகள் வைக்க வேண்டும். அச்சோடு ஓடும் ஒரு பம்பு, எஞ்சின் நிற்கும்போது அடிக்க ஒரு கைபம்பு.

முதல் நெருப்பு வைக்கும் நாள். குளிர்ந்த எஞ்சினில் நீராவி இல்லை, அதனால் இழுப்பும் இல்லை. புகைபோக்கியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்து உறிஞ்சுவார்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்த அடுப்புக்கரியை முதலில் போட்டுப் பற்றவைத்து, அது கனன்றதும் நிலக்கரி. முள் மெல்ல நகரும். 20, 30 பவுண்டு வந்ததும் புகைபோக்கிக்குள் நீராவியைப் பீய்ச்சும் புளோயரைத் திறந்துவிட்டு விசிறியை எடுத்துவிடலாம். இனி அது தன் மூச்சில் எரியும். 80-ஐத் தொட்டதும் சேஃப்டி வால்வு சீறித் திறக்கும். புளோயரை முழுக்கத் திறந்து வைத்துக் கரியும் போட்டாலும், முள் 88-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைக்கு ஓட்டக் கூடாது, வால்வைச் சரிசெய்ய வேண்டும்.

ரெகுலேட்டரை மெல்லத் திறங்கள். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி பட்டதும் தண்ணீராகிவிடும், அந்தத் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கையால் முன்னும் பின்னும் உருட்டி, புகைபோக்கியிலிருந்து அழுக்குத் தண்ணீர் தெறித்து முடியும்வரை பொறுத்திருங்கள். பிறகு சுக் என்ற முதல் சத்தம் கேட்கும். நெருப்பறைக் கதவின் விளிம்பில் தெரியும் சிவப்பு, ஒவ்வொரு சுக்கிற்கும் ஒருமுறை பளிச்சிடும்.

ஓட்டி முடித்ததும் நெருப்பை இறக்கிவிட்டு, அழுத்தம் விழும்வரை தானாக ஆறவிடுங்கள். சூடான கொதிகலனில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இணைப்புகள் இழுபடும். ஆற ஆற உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராகி வெற்றிடம் உண்டாகும், அது புகையறைச் சாம்பலைச் சிலிண்டர் வழியாக உள்ளே இழுக்கப் பார்க்கும். அதனால் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் கொதிகலன் மேலுள்ள ஒரு வால்வைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போகும் மெல்லிய சத்தம் கேட்கும். அது நின்ற பிறகு பட்டறை விளக்கை அணைக்கலாம்.